சோழமண்டலக் கரையில் சுஃப்ரேன்: துறைமுகம் இல்லாத தளபதியின் போர்க்காலம் (1782–1783)

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் ஐரோப்பியப் போர்கள் கோட்டை முற்றுகைகளை மையமிட்டே பெரிதும் பேசப்படுகின்றன. அம்முற்றுகைகளின் முடிவைக் கடல்வழி வந்த உணவும் படையும் தீர்மானித்தன. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பியர் ஆந்த்ரே த சுஃப்ரேனின் பணிவாழ்வை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க வாழ்வு

1729ஆம் ஆண்டு பிரான்சின் தென்பகுதியிலுள்ள சேன்-கன்னாவில் பிறந்த சுஃப்ரேன், இளமையிலேயே கடற்படையில் சேர்ந்தார். மால்டா வீரத்துறவியர் அமைப்பிலும் பணியாற்றினார். 1747, 1759 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயரிடம் இருமுறை சிறைப்பட்டார். தற்காப்புப் போர்முறையைத் தவிர்த்து, எதிரியை நெருங்கித் தாக்குவதையே அவர் பிற்காலத்தில் பின்பற்றினார்.

ஐந்து போர்கள்

1782 பிப்ரவரியில் தளபதி தோர்வ் கடலிலேயே இறந்தபின், அணியின் தலைமை சுஃப்ரேனிடம் வந்தது. ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸுடன் அவர் அவ்வாண்டில் நான்குமுறை மோதினார்: சதுரங்கப்பட்டினம் (பிப்ரவரி 17), இலங்கையின் கிழக்குக் கரையில் புரொவிதியன் (ஏப்ரல் 12), நாகப்பட்டினம் (ஜூலை 6), திருகோணமலை (செப்டம்பர் 3). ஐந்தாவது போர் 1783 ஜூன் 20 அன்று கடலூர் அருகே நிகழ்ந்தது. இவ்வைந்திலும் இருதரப்பும் எதிரியின் பெரும் போர்க்கப்பல் ஒன்றையேனும் கைப்பற்றவில்லை. தம் கப்பல் தலைவர்கள் பலர் கட்டளைப்படி நெருங்கிப் போரிடவில்லை என்பது சுஃப்ரேனின் தொடர்ந்த குற்றச்சாட்டாகும்.

துறைமுகச் சிக்கல்

சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. புதுச்சேரி 1778 முதல் ஆங்கிலேயர் வசமிருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் திறந்த கரையில் நங்கூரமிடுவது அழிவை வரவழைப்பதாகும். எனவே போரில் சிதைந்த கப்பல்களைச் சீரமைக்க, சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெருங்கப்பல்களுக்குப் பொருத்த நேர்ந்தது. உணவுக்கும் பணத்துக்கும் ஐதர் அலியின் துணை இன்றியமையாததாயிற்று. 1782 ஜூலை இறுதியில் கடலூர்ப் பகுதியில் இருவரும் சந்தித்தனர்.

இந்நெருக்கடியின் இருண்ட பக்கமும் குறிப்பிடத்தக்கது. கைதிகள் பரிமாற்றத்துக்குச் சென்னை ஆட்சியாளர் இணங்காத நிலையில், காக்கவும் உணவளிக்கவும் இயலாத ஆங்கிலேயக் கைதிகளைச் சுஃப்ரேன் ஐதரிடம் ஒப்படைத்தார். அச்செயல் அவர் புகழில் நீங்காத கறையாயிற்று.

1782 ஆகஸ்டு இறுதியில் அவர் திருகோணமலையைக் கைப்பற்றியது இச்சிக்கலுக்கான விடையே. எனினும் போரில் இழக்காத பெருங்கப்பல்களை அவர் கரையில் இழந்தார்: ‘ஓரியன்’ திருகோணமலைத் துறைமுகத்தில் நுழையும்போதும், ‘பிசார்’ கடலூர் அருகிலும் தரைதட்டிச் சிதைந்தன. பருவமழைக் காலத்தை அவர் சுமத்ராவின் அச்சேயில் கழித்தார். ஹியூஸோ பழுதுபார்க்கப் பம்பாய் வரை செல்ல வேண்டியிருந்தது.

கடலூர் முற்றுகை

1783இல் புஸ்ஸியின் படை கடலூரில் முற்றுகையிடப்பட்டபோது, சுஃப்ரேன் 15 கப்பல்களுடன் ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்கொண்டார். நோயாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் தளர்ந்த ஆங்கிலேய அணி சென்னைக்குத் திரும்பியது. கடல்வழி பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆனால் சில நாள்களிலேயே ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்தது.

முடிவுரை

தாயகம் திரும்பிய சுஃப்ரேன் துணைக் கடற்படைத் தலைவராக உயர்த்தப்பெற்று, 1788இல் பாரிசில் மறைந்தார். அவர் வென்ற திருகோணமலை உடன்படிக்கையால் டச்சுக்காரரிடம் மீண்டது. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நிலைத்தது. தளபதியின் துணிவு கடலூரைக் காத்தது; நிலையான தளத்தின் குறை அத்துணிவின் பயனை ஒரு பருவத்துக்குள் அடக்கிவிட்டது. தமிழகக் கரையின் அரசியலை ஆராய்வோர், கோட்டை மதில்களுடன் பருவக்காற்றையும் நங்கூரத் துறைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.