பின்னச் சுருக்கமும் தமிழ்ப் பின்னப் பெயர்களும்

ஒரு பின்னத்தை அதன் எளிய வடிவிற்குக் கொணர்தல் கணித நூலார்க்குரிய செயலாகவே கருதப்படுகிறது. ஆயினும், பழங்கணக்கேடுகளையும் கல்வெட்டுகளையும் மொழிபெயர்ப்போரும் இதனையே தம்மை அறியாமல் செய்துவருகின்றனர். ‘முக்காலே மூன்று வீசம்’ என்பதை 15/16 என்று எழுதுபவர், பெயர்ப்போடு ஒரு கூட்டலையும் முடித்துவிடுகிறார். அவ்வாறு செய்தல் தகுமா என்பதே இங்கு எழும் வினா.

பின்னத்தை மேலெண், கீழெண் என இரண்டு எண்களால் எழுதும் மரபுகள் அனைத்திலும் சுருக்கும் வழி ஏறத்தாழ ஒன்றே. சீனத்தின் ‘கணிதக் கலையின் ஒன்பது இயல்கள்’ என்னும் தொன்னூல் தன் முதல் இயலிலேயே இதனைக் கூறுகிறது. இரண்டு எண்களையும் பாதியாக்க இயலுமாயின் பாதியாக்குக. இயலாதாயின் பெரியதிலிருந்து சிறியதை மாறிமாறிக் கழித்து, இரண்டும் சமமாகும்போது கிடைக்கும் எண்ணால் வகுக்க. அந்நூல் தரும் 49/91 என்னும் கணக்கில் 91இலிருந்து 49 போக 42. 49இலிருந்து 42 போக 7. 42இலிருந்து ஏழேழாகக் கழிக்க இறுதியில் நிற்பதும் 7. ஆகவே விடை 7/13. யூக்ளிடின் ஏழாம் நூல் தொடங்குவதும் இம்முறையோடுதான். வடமொழிக் கணித நூல்கள் இச்செயலை ‘அபவர்த்தனம்’ என்கின்றன. கி.பி. 850ஐ ஒட்டி வாழ்ந்த மகாவீரர் பின்னங்களின் கீழெண்களுக்குரிய மீச்சிறு பொது மடங்கிற்கு ‘நிருத்தம்’ என்று தனிப்பெயரே இட்டார். 1150இல் இயற்றப்பட்ட லீலாவதியில் இரண்டாம் பாஸ்கரர், பின்னங்களைக் கூட்டுமுன் கீழெண்களை அபவர்த்தனம் செய்துகொள்ளின் பெருக்கம் எளிதாகும் என்று வழி காட்டுகிறார்.

இச்செயலுக்கு இன்றைய வகுப்பறையில் வழங்கும் சொல் ‘அடித்தல்’. வகுத்தல் என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. 16/64 என்பதில் மேலும் கீழும் உள்ள ஆறுகளை அடித்து 1/4 என்று சரியான விடையைத் தவறான வழியில் பெறும் மாணவனை அச்சொல் தடுப்பதில்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனைக் கருத வேண்டும்.

தமிழ் மரபு இவற்றினின்று வேறானது. இங்குப் பின்னத்திற்கு மேலெண்ணும் இல்லை, கீழெண்ணும் இல்லை, பெயரே உண்டு. முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16, பின்னர்க் கால், அரை, முக்கால். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். எனவே இங்குச் சுருக்குதல் என்பது வகுத்தலன்று. சிறிய பெயரிலிருந்து பெரிய பெயருக்கு ஏறுதலாகும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த சிறுவனுக்கு, பொது வகுத்தியைத் தேடாமலே, அடுத்த பெயர் நாவில் வந்து நின்றது.

மாகாணி என்னும் சொல்லை நோக்குக. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது அது: 1/20, 1/80 இரண்டையும் கூட்ட 5/80, சுருக்க 1/16. சொற்புணர்ச்சியே கூட்டலாகவும் அமைந்துவிட்டது. இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. அரையோடு மும்மாவும் முக்காணியும் சேர்ந்த நிலம் ஒன்று உண்டெனக் கொள்வோம். இரண்டு எண்களால் எழுதின் 55/80. 80ஐயும் 55ஐயும் ஒன்றால் ஒன்றை வகுத்துவர 5 கிடைக்கும். சுருங்கிய வடிவம் 11/16. தமிழில் எழுதின் மும்மாவும் முக்காணியும் இணைந்து மும்மாகாணி. விடை அரையே மும்மாகாணி. அளவு ஒன்றே, ஆனால் 11/16 என்பதில் அரையும் மாவும் காணியும் மறைந்துபோகின்றன.

இம்மரபிற்கு ஓர் எல்லையும் உண்டு. 320 என்னும் எண்ணின் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. ஆதலின் மூன்றிலொன்றை முந்திரிகளால் முழுமையாகக் கூற இயலாது. 106 முந்திரி, அதாவது காலே ஒருமா அரைமா அரைக்காணி போக, முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். அதனைக் கீழ்முந்திரியால், அதாவது முந்திரியில் 320இல் ஒரு பங்கால், அளந்தாலும் மறுபடியும் எச்சமே. 7/13ஐ இயல்பாகக் கையாளும் முறைக்கு இவ்விடர் இல்லை.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் நில அளவுகள் வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி, கீழ் என்னும் அடைபெற்ற நுண்ணளவுகள் வரை செல்கின்றன. இவற்றை ஒரே பின்னமாகச் சுருக்கி எழுதின் பரப்பை ஒப்பிடுவது எளிது. வரலாற்றாசிரியர்க்கு அது வேண்டுவதே. ஆனால் எழுத்து ஒன்று சிதைந்த இடத்தில், பெயர்வரிசையை நோக்கி விடுபட்டதை ஊகிக்கும் வாய்ப்பு அதனால் அற்றுப்போகிறது. மறுபுறம், பெயரை அப்படியே விடுதலிலும் இடர் உண்டு: பிற்காலத்தில் வடமாவட்டங்களில் வழங்கிய காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர், வேலியில் எண்பதில் ஒரு பங்காகிய காணி அதுவன்று. மூலப்பெயரை உடலில் நிறுத்தி, சுருங்கிய வடிவை அடைப்புக்குள் தருதலே தக்கதென்று கருதுகிறேன். அச்செழுத்து இல்லை என்னும் பழைய தடையும் இன்று பெரிதன்று. 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 இப்பின்னக் குறிகளுக்கு இடமளித்துள்ளது.