செயல்முனைப்புப் பேரடைகளின் எக்சு-கதிர் உமிழ்வு

செயல்முனைப்புப் பேரடைகளின் எக்சு-கதிர் உமிழ்வு என்பது, சில விண்மீன் பேரடைகளின் மையத்தில் பெருநிறைக் கருந்துளையைச் சுற்றி எழும் வலிமையான கதிர்வீச்சு ஆகும். வானம் முழுவதும் பரவிய ஒரு மங்கலான ஒளிர்வின் மூலத்தைத் தேடியபோதே இவ்வுமிழ்வின் முக்கியத்துவம் தெரியவந்தது.

புவியின் வளிமண்டலம் எக்சு-கதிர்களை உட்கவர்வதால் வானிலிருந்து வரும் அக்கதிர்களைத் தரையிலிருந்து காண இயலாது. 1962 சூன் மாதத்தில் ரிக்கார்டோ கியாக்கோனி குழுவினர், நிலவின் எக்சு-கதிர்களை அளப்பதற்காக நியூ மெக்சிகோவிலிருந்து ஏரோபீ ஏவூர்தியைச் செலுத்தினர். சில நிமிடங்களே நீடித்த அப்பயணத்தில் நிலவின் கதிர்கள் பதிவாகவில்லை. மாறாக, விருச்சிக விண்மீன் குழுவில் பொலிவான ஒரு மூலமும், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் பின்னணிக் கதிர்வீச்சும் பதிவாயின. இப்பின்னணி பேரடைகளுக்கு இடையே பரவிய வெப்ப வளிமத்திலிருந்து வருகிறதா, பிரித்தறிய முடியாத எண்ணற்ற தனி மூலங்களிலிருந்து வருகிறதா என்ற கேள்வி எழுந்தது.

பொலிவான மையக்கரு கொண்ட பேரடைகளைக் கார்ல் சைபர்ட் 1943 இலேயே விவரித்திருந்தார். 1963 இல் மார்ட்டென் சிமிட் 3சி 273 என்ற குவாசரின் பெருந்தொலைவைக் கண்டறிந்தார். 1964 இல் எட்வின் சால்பீட்டரும் யாக்கோவ் செல்தோவிச்சும், கருந்துளையில் விழும் பொருளே இவற்றின் ஆற்றலுக்குக் காரணமாகலாம் எனத் தனித்தனியே கூறினர். கென்யக் கடற்கரையருகே 1970 திசம்பர் 12 இல் ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள், என்ஜிசி 4151 போன்ற சைபர்ட் பேரடைகளின் எக்சு-கதிர்களைப் பதிவு செய்தது. 1978 இல் ஏவப்பட்ட ஐன்சுடைன் ஆய்வகம், குவாசர்கள் பொதுவாகவே எக்சு-கதிர் உமிழ்பவை எனக் காட்டியது.

கருந்துளையை நோக்கி விழும் வளிமம் வட்டாகச் சுழன்று வெப்பமடைந்து புற ஊதா ஒளியை வீசுகிறது. அருகிலுள்ள மிகுவெப்ப எலக்ட்ரான்கள் அவ்வொளித்துகள்களுடன் மோதி, அவற்றின் ஆற்றலை எக்சு-கதிர் அளவுக்கு உயர்த்துகின்றன. சில பேரடைகளில் இக்கதிரின் பொலிவு ஒருசில மணி நேரத்திலேயே மாறுகிறது. எனவே, உமிழும் பகுதி அந்நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவைவிடப் பெரிதாக இருக்க இயலாது.

பின்னணி குறித்த கேள்விக்கு 1990களில் விடை தெளிவாயிற்று. கோபி செயற்கைக்கோளின் அளவீடுகள் வெப்ப வளிமக் கருத்தை மறுத்தன. ரோசாட் செயற்கைக்கோள் குறைந்த ஆற்றல் பின்னணியின் பெரும்பகுதியைத் தனி மூலங்களாகப் பிரித்துக் காட்டியது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பட்டு 1999 இல் ஏவப்பட்ட சந்திரா ஆய்வகம், உயர் ஆற்றல் பின்னணியையும் அவ்வாறே பிரித்தது. அம்மூலங்களுள் மிகப் பல செயல்முனைப்புப் பேரடைகளே. அவற்றுள் பலவற்றின் மையங்கள் அடர்ந்த வளிமத்தாலும் தூசியாலும் மறைக்கப்பட்டிருந்ததால் கண்ணுறு ஒளியில் அடையாளம் காணப்படாமல் இருந்தன. எக்சு-கதிர் வானியலுக்கு வழிவகுத்த கியாக்கோனிக்கு 2002 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசின் ஒரு பகுதி வழங்கப்பட்டது.