அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ்

அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ் என்பது, மேசையில் உணவு பரிமாறும் சர்வருக்கு வாடிக்கையாளர் பில் தொகைக்கு மேல் தரும் பணம். சட்டப்படி இது கட்டாயமல்ல. ஆனால் தராமல் எழுந்து போவது பெரும் அவமதிப்பாகக் கருதப்படும் அளவுக்கு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வரிக்கு முந்தைய பில் தொகையில் 18 முதல் 20% வரை தருவது இன்றைய நடைமுறை. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சர்வரின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பணம்தான். ஆகவே, பரிமாறல் மோசமாக இருக்கும்போது டிப்ஸைக் குறைப்பதா, நிறுத்துவதா, மேலாளரிடம் சொல்வதா என்பது வெறும் நாகரிகம் பற்றிய கேள்வி அல்ல. ஒருவருடைய கூலி பற்றிய கேள்வியும்கூட.

சொல்

ஆங்கிலத்தில் 'டிப்' என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு' என்ற பொருளில் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் வேலையாட்களுக்குத் தரும் சிறு பணத்துக்குப் பெயரானது. உடனடிச் சேவையை உறுதிசெய்வதற்கான பணம் என்று பொருள்தரும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமே இது என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் தவறு. தமிழில் 'டிப்ஸ்' என்ற பன்மை வடிவமே ஒருமைக்கும் சேர்த்து வழங்குகிறது. 'இனாம்' என்பது அதற்கு முந்தைய சொல்.

வரலாறு

இவ்வழக்கம் ஐரோப்பாவில், குறிப்பாக இங்கிலாந்தில், செல்வந்தர் வீடுகளில் தங்கிய விருந்தினர் விடைபெறும்போது அவ்வீட்டு வேலையாட்களுக்குப் பணம் தந்ததிலிருந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று திரும்பிய வசதி படைத்த அமெரிக்கர்கள் இதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேலானவர் கீழானவருக்கு எறியும் காசு, குடியரசுக்கு ஒவ்வாதது என்று தொடக்கத்தில் அங்கே கடும் எதிர்ப்பு இருந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின் நிலைமை மாறியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை உணவகங்களும் ரயில் நிறுவனங்களும் மிகக் குறைந்த சம்பளத்தில் வேலைக்கு வைத்தன. மீதியைப் பயணிகளும் வாடிக்கையாளர்களும் தரட்டும் என்று விட்டுவிட்டன. ஜார்ஜ் புல்மேனின் தூங்கும் வசதி கொண்ட ரயில்பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அவர்கள் 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். புல்மேன் நிறுவனத்துடன் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை போராட வேண்டியிருந்தது.

டிப்ஸைத் தடைசெய்யும் சட்டத்தை வாஷிங்டன் மாநிலம் 1909இல் இயற்றியது. தெற்கிலும் மத்திய மேற்கிலும் வேறு சில மாநிலங்கள் அதைப் பின்பற்றின. வில்லியம் ஆர். ஸ்காட் 1916இல் 'தி இட்ச்சிங் பாம்' என்ற நூலை எழுதி இவ்வழக்கத்தைச் சாடினார். எந்தத் தடையும் நிலைக்கவில்லை. 1926க்குள் அனைத்தும் நீக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 10% என்றிருந்த வழக்கம் பின்னர் 15% ஆகி, இப்போது 20%ஐ எட்டியிருக்கிறது.

சட்டமும் சம்பளமும்

நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் உணவகத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. 1966இல் வந்த திருத்தம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது; கூடவே, கிடைக்கும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாக முதலாளி கணக்குக் காட்டலாம் என்ற சலுகையையும் தந்தது. இச்சலுகைதான் அமெரிக்க முறையின் அச்சாணி.

கூட்டாட்சிச் சட்டப்படி, மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் பெறும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் தந்தால் போதும். 1991இல் நடப்புக்கு வந்த இத்தொகை இன்றுவரை உயரவில்லை. பொதுக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைக்கும் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து கிடைப்பது 85.20 டாலர், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 290 டாலர். இடையிலுள்ள 204.80 டாலரை வாடிக்கையாளர்களின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும். டிப்ஸுக்கான வரியும் முதலாளி தரும் சிறு சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுவதால், சம்பளச் சீட்டில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாத வாரங்களும் உண்டு.

கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இச்சலுகை இல்லை. அங்கே சர்வருக்கும் மாநிலத்தின் முழுக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. டிப்ஸ் அதற்கு மேல் கிடைப்பது.

டிப்ஸ் தொழிலாளியின் சொத்து. முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ அதில் பங்கு எடுக்கக் கூடாது என்பதை 2018இல் வந்த திருத்தம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு, டிப்ஸாகப் பெற்றதில் 25,000 டாலர் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது.

தரும் முறை

சாப்பிட்டு முடித்ததும் சர்வர் சிறு உறையில் பில்லை வைத்துவிட்டுப் போவார். வாடிக்கையாளர் அதில் வைக்கும் கார்டை எடுத்துச்சென்று பணத்தைப் பதிந்து, இரண்டு ரசீதுகளோடு திரும்பி வருவார். உணவகத்துக்கான ரசீதில் டிப்ஸுக்கு ஒரு வரியும் மொத்தத்துக்கு ஒரு வரியும் காலியாக இருக்கும். உணவு 60 டாலர், வரி 5 டாலர் என்றால், 60இல் 20% ஆன 12 டாலரை டிப்ஸ் வரியில் எழுதி, மொத்தம் 77 என்று நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ரொக்கமாக மேசையில் வைப்பதும் ஏற்புடையதே. கூப்பனாலோ தள்ளுபடியாலோ பில் குறைந்திருந்தால், குறைவதற்கு முந்தைய தொகையை வைத்தே கணக்கிடுவது முறை. நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே உணவகத்தில் 10% அளவு வழக்கம். பார்சல் வாங்கும்போது தருவது அவரவர் விருப்பம்.

ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்து வந்தால், பல உணவகங்கள் 18 அல்லது 20%ஐப் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. வரித்துறையின் பார்வையில் அது டிப்ஸ் அல்ல, சேவைக் கட்டணம். பில்லைப் படிக்காமல் அதன் மேல் மீண்டும் 20% எழுதிவிடுபவர்கள் பலர்.

பணம் போகும் வழி

மேசையில் வைத்த டிப்ஸ் முழுவதும் சர்வர் பையில் தங்குவதில்லை. மேசை துடைப்பவர், தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பவர், பானம் கலக்குபவர் ஆகியோருக்கு அவர் இரவு முடிவில் பங்கு பிரிக்கிறார். பல உணவகங்களில் இப்பங்கு, கிடைத்த டிப்ஸை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அவர் பரிமாறிய உணவின் விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பங்கு விற்பனையில் 4% என்று வைத்துக்கொண்டால், 100 டாலருக்குச் சாப்பிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்து போகும் மேசைக்காக அவர் 4 டாலரைத் தன் மற்ற வருமானத்திலிருந்து எடுத்துத் தர வேண்டியிருக்கும்.

மோசமான பரிமாறலை எதிர்கொள்ளுதல்

முதலில் தவறு யாருடையது என்று பார்க்க வேண்டும். இறைச்சி வேகாமல் வந்தால் அது சமையலறையின் தவறு. உணவு வரத் தாமதமாகும்போது, சர்வர் இடையிடையே வந்து நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் தம் வேலையைச் செய்கிறார் என்றே பொருள். ஒருவரே பத்து மேசைகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தால், ஆள் போதாமல் கடை நடத்தும் நிர்வாகத்தின் குறை அது. சொன்னதை மறப்பது, தண்ணீர்க் கோப்பை காலியாகியும் எட்டிப் பார்க்காதது, பில் கேட்டும் வராதது, முகம் கொடுத்துப் பேசாதது ஆகியவையே சர்வரைச் சாரும்.

இரண்டாவது, மேசையில் இருக்கும்போதே சொல்வது. தவறான உணவு வந்தால் பாதி சாப்பிட்ட பின் முறையிடுவதைவிட, முதல் வாயிலேயே சர்வரை அழைத்து அமைதியாகச் சொல்வது நல்லது. தட்டை மாற்றித் தருவதும், அந்த உணவுக்கான தொகையைப் பில்லிலிருந்து நீக்குவதும் அமெரிக்க உணவகங்களில் சாதாரணம். ஒவ்வாமை உள்ள பொருளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியும் சேர்ந்து வந்தால் அது உயிர் தொடர்பானது. உடனே மேலாளரை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, சர்வரிடம் சொல்லியும் சரியாகாவிட்டால் மேலாளரிடம் பேசுவது. என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது, என்ன வேண்டும் என்று மூன்றே வாக்கியங்களில் சொன்னால் பெரும்பாலும் தீர்வு கிடைக்கும். டிப்ஸைக் குறைப்பதால் இந்தச் செய்தி மேலாளருக்குப் போய்ச் சேர்வதில்லை. குறைவாக வைத்தவர் கோபத்தில் வைத்தாரா, கணக்குத் தெரியாமல் வைத்தாரா, பணமில்லாமல் வைத்தாரா என்பது சர்வருக்கும் விளங்காது.

நான்காவது, தொகையைக் குறைப்பது. சர்வரின் அலட்சியம் தெளிவாகத் தெரிந்தால் 15%க்கோ, மிகவும் மோசமென்றால் 10%க்கோ இறங்கலாம் என்பது அங்கே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஒன்றுமே தராமல் போவதை இழிவான பேச்சு, வேண்டுமென்றே செய்த அவமதிப்பு, இனம் பார்த்து நடத்திய பாகுபாடு போன்றவற்றுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். அப்போதும் காரணத்தை மேலாளரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். அதிருப்தியைக் காட்ட ஒற்றை சென்ட் நாணயத்தை வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. அது புகார் அல்ல, வசை.

பில்லில் சேர்க்கப்பட்ட கட்டாயத் தொகையை மறுப்பதற்கு முன் மேலாளரிடம் பேசி நீக்கச் சொல்வதே பாதுகாப்பு. 2009இல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரில், சேவை மோசம் என்று சொல்லி இத்தொகையைக் கட்ட மறுத்த மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது. ரசீதில் எழுதியதைவிடக் கூடுதலாகக் கார்டில் எடுக்கப்பட்டிருந்தால் உணவகத்திடமும், அங்கே தீராவிட்டால் வங்கியிடமும் முறையிடலாம். சுத்தக் குறைவுக்கு உரிய இடம் உள்ளூர்ச் சுகாதாரத் துறை.

ஆய்வுகள்

டிப்ஸ் நல்ல பரிமாறலைத் தூண்டுகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் முதல் நியாயம். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இதைப் பெரிதும் ஆதரிக்கவில்லை. சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் விகிதத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று அவை காட்டின. பில்லோடு மிட்டாய் வைப்பது, சர்வர் தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது போன்ற சின்னச் செயல்கள் டிப்ஸை உயர்த்துவதும் ஆய்வுகளில் தெரியவந்தது. கறுப்பின சர்வர்கள் வெள்ளையின சர்வர்களைவிடக் குறைவாகப் பெறுவதை லின் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு பதிவுசெய்தது. அதாவது, வாடிக்கையாளர் வேலைக்கு மதிப்பெண் போடுவதாக நினைத்துத் தரும் பணத்தில் வேலைக்குத் தொடர்பில்லாதவையும் கலந்திருக்கின்றன.

மாற்ற முயற்சிகள்

நியூயார்க் உணவக அதிபர் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து, விலையிலேயே கூலியைச் சேர்க்கத் தொடங்கினார். சமையலறைத் தொழிலாளர்களுக்கும் சர்வர்களுக்கும் இடையிலான வருமான இடைவெளியைக் குறைப்பது அவர் நோக்கம். கொரோனா நெருக்கடிக்கிடையே 2020இல் அம்முயற்சியைக் கைவிட்டார். சர்வர்களுக்கான குறைந்த ஊதிய விகிதத்தை ஐந்தாண்டுகளில் படிப்படியாக நீக்க சிகாகோ நகர மன்றம் 2023இல் வாக்களித்தது.

பிற நாடுகள்

ஜப்பானில் டிப்ஸ் வழக்கமில்லை. மேசையில் விட்டுவந்த பணத்தை மறந்துவிட்டதாக எண்ணி ஓடிவந்து திருப்பித் தருவார்கள். பிரான்சில் சேவைக் கட்டணம் விலைப்பட்டியலிலேயே அடங்கியிருக்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்ப்பதைத் தடைசெய்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. இது குறித்த புகார்களை 1915 என்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

தமிழ்நாட்டு உணவகத்தில் சோம்புத் தட்டோடு வரும் மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ ரூபாயை விட்டுவருவது, சம்பளத்துக்கு மேல் மகிழ்ச்சியாகத் தருவது. அமெரிக்காவுக்குப் போகும் தமிழர்கள் 20%ஐ அதே கண்ணால் பார்த்தால் அது கொள்ளையாகத் தெரியும். அங்கே மேசையில் வைப்பது, உணவக முதலாளி விலையில் சேர்க்காமல் விட்ட கூலி. பரிமாறல் பிடிக்காவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; சொன்ன பிறகு, கூலியைக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.