யெவ்கெனி கஃபெல்னிகோவ்

யெவ்கெனி கஃபெல்னிகோவ் (பிறப்பு: பெப்ரவரி 18, 1974) கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ரஷ்யர். கருங்கடல் கரையிலுள்ள சோச்சி நகரில் பிறந்தவர். அவருக்கு முன்பு சோவியத் ஒன்றியத்தின் சார்பில் ஆடிய அலெக்ஸ் மெத்ரெவேலி 1973இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தை எட்டினார். ஓல்கா மொரோசோவா 1974இல் பாரிசிலும் விம்பிள்டனிலும் இறுதிவரை சென்றார். இருவருக்கும் கோப்பை கிட்டவில்லை. கஃபெல்னிகோவ் 1992இல் தொழில்முறை ஆட்டக்காரரானபோது சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டிருந்தது.

அவரது பலம் இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்ட். அதைவிடப் பெரிய பலம் சலிக்காத உழைப்பு. முன்னணி ஒற்றையர் வீரர்கள் பலர் இரட்டையர் ஆட்டத்தைக் கைவிட்டுவந்த காலத்தில், அவர் வாரந்தோறும் இரண்டிலும் ஆடினார்.

1996 பிரெஞ்சு ஓப்பனில் அதன் பலன் தெரிந்தது. அரையிறுதியில் பீட் சாம்ப்ராசை 7-6, 6-0, 6-2 என வென்றார். அதற்கு முன் மூன்று ஐந்து செட் ஆட்டங்களை ஆடிக் களைத்திருந்தார் சாம்ப்ராஸ் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இறுதியில் ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டிக்கை 7-6, 7-5, 7-6 என வீழ்த்தினார். அதே போட்டியில் செக் வீரர் டேனியல் வாசெக்குடன் இரட்டையர் பட்டமும் அவருக்கே. ஒரே கிராண்ட் ஸ்லாம் போட்டியில் இவ்விரண்டையும் வென்ற ஆடவர் அவருக்குப் பின் எவருமில்லை.

1999இல் தாமஸ் என்க்விஸ்டை வென்று ஆஸ்திரேலிய ஓப்பனைக் கைப்பற்றினார். அவ்வாண்டு மே 3 அன்று உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். ஆனால் அப்போது அவர் பல போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுக்கொண்டிருந்தார். தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுவதால் நேர்ந்த விசித்திரம் இது. ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆறு வாரங்களில் முதலிடம் கைமாறியது. மறு ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டாமி ஹாஸை ஐந்து செட்களில் வென்று தங்கப் பதக்கம் பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருந்தது நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை. 1994 இறுதியில் சுவீடனிடம் ரஷ்யா தோற்றது. 1995இல் அமெரிக்காவிடம். இரண்டும் மாஸ்கோவில், சொந்த மக்கள் முன்னிலையில் நேர்ந்த தோல்விகள். இரண்டாவதில், ஜிம் கூரியரை கஃபெல்னிகோவ் வென்றும் பயனில்லை. அமெரிக்காவின் மூன்று வெற்றிகளிலும் சாம்ப்ராஸ் பங்கு கொண்டிருந்தார்.

2002 இறுதி பாரிசில் பிரான்சுக்கு எதிராக நடந்தது. முதல் நாள் மராத் சாஃபின் வென்றார். கஃபெல்னிகோவ் செபாஸ்டியன் குரோஜானிடம் நேர் செட்களில் தோற்றார். மறுநாள் இருவரும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டமும் ஐந்து செட்களில் கைநழுவியது. மூன்றாம் நாள் சாஃபின் குரோஜானை வென்று 2-2 எனச் சமன் செய்தார். கடைசி ஆட்டம் கஃபெல்னிகோவுக்கு உரியது. ஆனால் அணித்தலைவர் ஷாமில் தார்பிஷ்செவ் அவருக்குப் பதிலாக 20 வயது மிகயீல் யூஷ்னியைக் களமிறக்கினார். யூஷ்னி முதல் இரு செட்களை இழந்தபின் எழுந்து, பால்-ஆன்றி மாத்யூவை 3-6, 2-6, 6-3, 7-5, 6-4 என வென்றார். ரஷ்யாவுக்கு முதல் டேவிஸ் கோப்பை கிடைத்தது.

அந்த இறுதியில் கஃபெல்னிகோவ் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆயினும் எட்டாண்டுகளுக்கு முன்பே அணியைத் தோளில் சுமந்தவர் அவர். கோப்பையில் அவருக்குள்ள பங்கை அந்த மூன்று நாட்களை மட்டும் வைத்து அளப்பது நியாயமன்று.

2003உடன் ஒற்றையரில் 26, இரட்டையரில் 27 பட்டங்களோடு ஓய்வு பெற்றார். பின்னர் கோல்ஃப் ஆட்டத்தில் இறங்கித் தொழில்முறைப் போட்டிகளிலும் பங்கேற்றார். 2019இல் சர்வதேச டென்னிஸ் புகழ்மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. அவரைவிட இளையவரான சாஃபினுக்கு அந்தச் சிறப்பு மூன்றாண்டுகள் முன்னதாகவே கிடைத்திருந்தது.