குடக்கூலியோடு வந்த கணிதம்

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சந்தன மரத்துக்குப் பேர்போன அந்த மலையில், கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், வானத்தை அண்ணாந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சிலர் இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார்கள். வைணு பாப்பு வான ஆய்வுக்கூடம் அங்கேதான் உள்ளது. 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, அங்கிருந்து ஆர். ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் எத்தனையோ கற்கோளங்களில் அதுவும் ஒன்று. அதற்கு 4130 என்று எண் கொடுத்தார்கள். எண் மட்டும் போதுமா? பெயர் வேண்டாமா? 'ராமானுஜன்' என்று பெயர் சூட்டினார்கள். எண்களோடேயே வாழ்ந்து மறைந்த மனிதருக்கு, எண்ணோடு சேர்த்து ஒரு கோளும் கிடைத்தது!

வானத்தில் இடம் பிடித்த அந்த மனிதரின் கதையில், பூமியில் இடம் கொடுத்தவர்களும் இடம் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். மேதையின் கணிதத்தைப் பற்றி எழுத விற்பன்னர்கள் இருக்கிறார்கள். என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கோ, அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, மாதக் கடைசியில் கையில் காசு இருந்ததா என்பதில்தான் கவனம் போகிறது.

வீட்டுக்காரர் என்றதும் நம் கண்முன் வருகிறவர் யார்? முதல் தேதி காலையில் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பவர். கிணற்றில் வாளி விழுந்தால் கணக்குக் கேட்பவர். அவருக்குப் பெட்டி நிறையப் பணம் இருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பணம் இருப்பதனால் வீட்டுக்காரர் ஆனவர்கள் ஒரு வகை. பணம் இல்லாததனால் வீட்டுக்காரர் ஆனவர்கள் இன்னொரு வகை. கோமளத்தம்மாள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர்கள் வீடு. கணவர் சீனிவாச ஐயங்காருக்கு ஜவுளிக் கடையில் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். அந்தக் காலத்து 20 ரூபாய் பெரிது என்று சொல்லிச் சமாதானம் அடைய வேண்டாம். அந்தக் காலத்திலும் அது ஒரு குடும்பத்துக்கு இழுபறியான தொகைதான். கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். அதுவும் போதாமல் கலாசாலை மாணவர்களுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார்.

மாணவர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. காவிரிக் கரையில் 1854இல் தோன்றிய சர்க்கார் கலாசாலையை முன்னிட்டுக் கும்பகோணத்துக்குத் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்ற பெருமைகூட வந்திருந்தது. பட்டப் படிப்புக்கு வெளியூர்ப் பிள்ளைகள் ரயிலேறி வருவார்கள். டிரங்குப் பெட்டியோடும் படுக்கைச் சுருணையோடும் இறங்கியவுடன் அவர்கள் தேடுவது கலாசாலையை அல்ல, ஜாகையைத்தான். அப்படி ஜாகை தேடி வந்தவர்களில் இருவர், ஒருவர் திருநெல்வேலிச் சீமை, மற்றவர் திருச்சிராப்பள்ளி, கோமளத்தம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிறிய வீட்டில் இரண்டு பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று, அப்படி வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். உலையில் அரிசி கூடும். கூடத்தில் இடம் குறையும். புருஷனும் மனைவியும் சச்சரவு செய்வதாயிருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். குடக்கூலி என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் தரும் கூலியல்ல. வீட்டார் விட்டுக்கொடுக்கும் தனிமைக்கும் சேர்த்துத் தரும் கூலி அது.

அந்த வீட்டில் அப்போது பத்துப் பதினோரு வயதில் ஒரு பையன் இருந்தான். 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தவன். 1898இல் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தவன். குடித்தனம் வந்த மாணவர்களை அவன் விடவில்லை. கணக்குக் கேட்டான், சொன்னார்கள். மேலும் கேட்டான், மேலும் சொன்னார்கள். கொஞ்ச காலத்துக்குள் அவர்களிடம் சொல்வதற்குச் சரக்குத் தீர்ந்து போயிற்று! கலாசாலையில் படிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துப் பையன் காலி செய்துவிட்டான். பிறகு அவர்கள் செய்தது ஒரு நல்ல காரியம். கோபித்துக்கொள்ளவில்லை, புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். லோனி என்ற ஆங்கிலேயர் எழுதிய திரிகோண கணித நூல் அப்படித்தான் அவன் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதில் அதைக் கரை கண்டுவிட்டான்.

1903இல் இன்னொரு புத்தகம் வந்தது. கார் என்பவர் தொகுத்தது, ஏறக்குறைய 5,000 தேற்றங்கள், நிரூபணங்களோ பெயருக்குத்தான். ராமானுஜனின் வாழ்வை அடியோடு மாற்றிய நூல் அதுதான் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டது. அதுவும் வீட்டில் தங்கிய மாணவர்கள் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்று சரித்திரம் எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

20 ரூபாய்ச் சம்பளக்காரர் வீட்டில் இங்கிலீஷ் கணிதப் புத்தகத்தை யார் விலைக்கு வாங்குவார்கள்? மேதைமை பிறவியிலேயே வரலாம். புத்தகம் யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் வரும். அரிசிச் செலவுக்காகத் திறந்த கதவின் வழியே அது வந்தது. கோமளத்தம்மாள் எழுதிய வரவு செலவில் இந்த வரவுக்குக் கட்டமே இருந்திருக்காது.

இனி அசல் கேம்பிரிட்ஜுக்குப் போவோம். அங்கே வீட்டுக்காரருக்கும் மாணவருக்கும் உள்ள வழக்கு கலாசாலைக் கட்டடங்களைவிடப் பழையது. ஊரார் வாடகையைத் தாறுமாறாக உயர்த்த, மாணவர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்களோ என்ற பயம் அரசனுக்கே வந்துவிட்டது. 1231இல் மூன்றாம் ஹென்றி ஓர் ஆணை பிறப்பித்தான். ஆசிரியர் இருவரும் ஊர்ப் பெரியவர் இருவரும் கூடி உட்கார்ந்து வாடகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது அதன் சாரம். குடக்கூலி ஏறினால் கல்வி ஊரைவிட்டுப் போய்விடும் என்பது எட்டு நூற்றாண்டுக்கு முன்பே ஓர் அரசனுக்குப் புரிந்திருக்கிறது.

அந்த ஊருக்குத்தான் 1914 ஏப்ரலில் ராமானுஜன் போய்ச் சேர்ந்தார். அதற்குமுன் அவர் பட்டது கொஞ்சமல்ல. கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்தார், சென்னையில் எப்.ஏ. பரீட்சையில் தவறினார், நண்பர்களின் அறைகளில் ஒண்டிக்கொண்டு நாளைக் கடத்தினார். மாணவர்களுக்கு இடம் கொடுத்த தாயின் பிள்ளை, மாணவர்களிடம் இடம் கேட்டு நின்றான். இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கேம்பிரிட்ஜிலும் முதலில் அவரை வீட்டில் வைத்துக்கொண்டவர் நெவில் என்ற கணித அறிஞர். பிறகுதான் டிரினிடி கலாசாலையில் அறை கிடைத்தது. யுத்த காலத்துக் குளிரில், தாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த அறையில் அவர் செய்த வேலையை உலகம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கதையை இத்துடன் மங்களம் பாடி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதிக் கதை. கோமளத்தம்மாள் வீட்டுக்கு வந்த இருவரும் பிராமணப் பிள்ளைகள். வேறு ஜாதிப் பிள்ளை ஒருவன் அதே டிரங்குப் பெட்டியோடு அக்கிரகாரத்துத் தெருக்களில் ஜாகை கேட்டிருந்தால் எத்தனை கதவு திறந்திருக்கும்? அது ஒரு வீட்டின் குணமல்ல. அந்தக் காலத்தின் குணம். பட்டணத்திலும் அப்படித்தான். கலாசாலையில் இடம் கிடைத்து, தலை சாய்க்க இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. இதைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் டாக்டர் சி. நடேச முதலியார், 1916இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியை ஏற்படுத்தினார். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர். பரீட்சை எழுதவிடாமல் ஒருவனைத் தடுக்கச் சட்டம் வேண்டியதில்லை; 'அறை காலியில்லை' என்ற ஒரு வார்த்தை போதும்.

இன்று தமிழ்நாட்டில் கலாசாலை உள்ள ஊரிலெல்லாம் மாடியில் ஓர் அறை கட்டி மாணவர்களுக்கு விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு அனுமதி பெற வேண்டும் என்று 2014இல் சட்டம் வந்தது. வாடகைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் 'நீங்கள் எந்த ஆட்கள்?' என்று வாசலில் நின்று கேட்கும் கேள்வி இன்னும் நம் தெருக்களிலிருந்து போய்விடவில்லை. அதற்குப் பதில் ஒப்பந்தப் பத்திரத்தில் கிடையாது. வீட்டுக்காரர் மனத்தில்தான் இருக்கிறது.

சாரங்கபாணி சன்னிதித் தெரு வீடு இப்போது நினைவில்லம். 2003இல் ஜனாதிபதி அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தெருவைப் பார்த்த ஜன்னலும் திண்ணையும் இருக்கின்றன. ராமானுஜன் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்று போகிறவர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் கொஞ்சம் உள்ளேயும் பார்க்க வேண்டும். அங்கேதான் ஒரு தாய் இரண்டு இலை கூடுதலாகப் போட்டாள்.

மாடி அறையை மாணவர்களுக்கு விடலாமா என்று யோசிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வாடகையைக் கண்டிப்பாக வாங்குங்கள், பாக்கி வைக்கவிடாதீர்கள். ஆனால் கணக்கு நோட்டில், வரவுப் பக்கத்தில், ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். அதில் என்ன வரும் என்பதை உங்கள் வீட்டுக் குழந்தைகள் பிறகு எழுதிக்கொள்வார்கள்.