கடைக்கால் தோண்டுமுன்

தில்லியிலும் மும்பையிலும் கடைக்கால் குழிகளை நாள்தோறும் கடந்து செல்லும் நாம் அவற்றுள் எட்டிப் பார்ப்பதில்லை. லண்டனில் பார்த்தார்கள்.

வால்புரூக் என்னும் ஓடை புதைந்து கிடந்த இடம் அது. போரில் குண்டுவீச்சால் பாழாயிற்று. அங்கே பெருங்கட்டிடம் எழுமுன், ஓடையின் போக்கை அறியக் கிரைம்ஸ் என்னும் அறிஞர் சோதனைக் குழிகள் வெட்டினார். 1954 செப்டம்பர் 18 அன்று, அகழ்வு முடியும் தறுவாயில், மித்ரதேவனின் பளிங்குத் தலை வெளிப்பட்டது. மக்கள் பல்லாயிரவராய்த் திரண்டனர். ரோமானியர் கோயிலோ பெயர்க்கப்பட்டு, 1962இல் வேறிடத்தில் பிழைபட அமைந்தது; 2017இல்தான் பழைய இடத்தருகே திரும்பிற்று.

நாம் வியப்பது வேறொன்றை. கட்டிடம் எழுந்தபின் அடியில் ஏது எஞ்சும் என்றே எவரும் கருதுவர். ஆயினும் 2010 முதல் 2014 வரை மீண்டும் அகழ்ந்தபோது 400க்கு மேற்பட்ட மரப்பலகை ஏடுகள் கிட்டின. அவற்றுள் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட கடன்பத்திரம்! ஓடையின் ஈரச்சேறு காற்றைப் புகவிடாது மரத்தைக் காத்திருந்தது.