சாம்பலிலிருந்து ஒரு சித்திரக்கதை

சித்திரக்கதை என்றவுடன் முகமூடி வீரர்களும் துப்பறிவாளர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், தம் குடும்பத்தின் சாவையும் தம் நாட்டின் பிழையையும் அதே கட்டங்களுக்குள் வரைந்து காட்டியவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் ஜப்பானின் கெய்ஜி நகசாவா.

1939-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர் அவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 6. பள்ளி மதிற்சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் சிக்கி மாண்டனர். நிறைசூலியாயிருந்த தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றார். அதுவும் நெடுநாள் வாழவில்லை.

1961-இல் டோக்கியோ சென்ற நகசாவா, தாம் குண்டுக்குத் தப்பியவர் என்பதை வெளியே சொல்லவில்லை. 'ஹிபாகுஷா' எனப்பட்ட அம்மக்களோடு பழகவும் மணவுறவு கொள்ளவும் பிறர் தயங்கிய காலம் அது. 1966-இல் தாய் மறைந்தார். எரியூட்டியபின் எலும்பு பொறுக்குவது ஜப்பானியர் வழக்கம். மகன் கண்டதோ வெறும் சாம்பல். கதிர்வீச்சு தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்று அவர் கொண்ட சினமே அவரது மௌனத்தைக் கலைத்தது.

1972-இல் 'நான் கண்டேன்' என்னும் தன்வரலாற்றுச் சித்திரக்கதை வெளிவந்தது. 1973-இல் 'வெறுங்கால் கென்' என்ற நெடுங்கதை 'ஷோனென் ஜம்ப்' சிறுவர் வார இதழில் தொடங்கிப் பின்னர் 10 தொகுதிகளாக விரிந்தது. இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தந்தையும் உடன்பிறந்தோரும் மாண்ட இடத்தில் நகசாவா இருக்கவில்லை. தாய் சொல்லக் கேட்டதே. கதையிலோ சிறுவன் கென் அங்கேயே நின்று அதைக் காண்கிறான். தாயின் சாட்சியம் மகனின் கண்வழியே பேசுகிறது.

நம் இலக்கணத்தார் கையறுநிலை என்று வகுத்த புலம்பலோடு இக்கதை நின்றுவிடவில்லை. குண்டு வீசிய அமெரிக்காவோடு, போரை வளர்த்த ஜப்பானிய ஆட்சியையும், போரை எதிர்த்த தந்தையைத் துரோகி என்று தூற்றிய அண்டை வீட்டாரையும் அது கூண்டில் ஏற்றுகிறது.

2012 டிசம்பரில் நகசாவா காலமானார். அதே மாதம் மட்சுவே நகரக் கல்வி வாரியம், ஜப்பானியப் படையினரின் கொடுமைகளைக் காட்டும் பகுதிகளைச் சுட்டி, பள்ளி நூலகங்களில் இந்நூலை மாணவர் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னது. எதிர்ப்பு எழவே 2013-இல் அத்தடை விலகியது. 2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை நீக்கியது. தாய்க்காக அவன் கெண்டை மீன் திருடும் காட்சி தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

பசியறியாப் பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டு விளங்காது என்றால், அதை விளக்கிச் சொல்லவேண்டிய இடம் வகுப்பறைதான் என்பதே நம் கருத்து.